வெள்ளிக்கிழமை மீன் ரோல்ஸ்

கூட்டத்துக்குப் போகாமல் விட்டால் தப்பிவிடலாம் என்று நினைத்தது தாட்சாயினி செய்த இரண்டாவது பிழை.

முதல் பிழை அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நடந்தது. கிளிநொச்சிப் பக்கம் புதிதாகத் தொடங்கியிருந்த விடிவெள்ளி கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் அன்று கழக நாள். முதல் அணிப் பிள்ளைகள் நூற்றிருபது பேரும் ஏதாவது ஒரு மன்றத்தில் கட்டாயம் சேரவேண்டும் என்பது சட்டம். மண்டபச் சுவரில் வரிசையாகப் பெயர்ப்பலகைகள், அவற்றுக்குக் கீழே மேசைகள், மேசைகளில் தாள்கள். ஐப்பசி மழையும் அன்றைக்கென்று பார்த்துக் கொட்டியது. தகரக்கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. தேத்தண்ணி கொண்டுவந்த, கன்ரீன் நடத்துகிற சபூறா ராத்தா, "தாளெல்லாம் நனையுது பிள்ளையள், தள்ளுங்கோ, தள்ளுங்கோ!" என்று மேசைகளை அங்குமிங்கும் இழுத்தார். அந்த நெரிசலில் தாட்சாயினி இந்து மன்றத்துத் தாள் என்று நினைத்து ஒன்றில் கையெழுத்து வைத்தாள். தலைப்பு மை கரைந்து ஓடியிருந்தது. யாரும் வாசிக்கக்கூடிய நிலையில் அது இல்லை.

திங்கட்கிழமை கைபேசியில் செய்தி வந்தது. 'கிறிஸ்தவ ஒன்றியத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். வெள்ளி மூன்று மணிக்கு நிர்வாகத் தெரிவு.'

ஸ்கந்தபுரம் பிள்ளையார் கோயில் பரிபாலன சபை உபதலைவர் அப்புத்துரையின் மகளுக்கு இப்படி ஒரு செய்தி. பிள்ளை பதறிப்போனாள். போய்ப் பிழையைச் சொல்ல வெட்கம். சொல்லாமல் கூட்டத்தில் இருக்கப் பயம். ஆகவே வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துவிட்டாள்.

வன்னியில் ஒரு சங்கக் கூட்டத்துக்காவது போனவர்களுக்கு மிச்சக்கதை விளங்கியிருக்கும். வந்தவர்கள் எல்லாரும் 'எனக்கு நேரமில்லை', 'எனக்குக் கதைக்கத் தெரியாது' என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் ஒருவர் வராத ஆளின் பெயரைச் சொல்வார். மற்றவர் பாய்ந்து ஆமோதிப்பார். வராத ஆள்தானே மறுக்கமாட்டார்!

அன்று பின்னேரம் ஒன்றியத்தின் புதிய செயலாளர் நிருஷன் கைபேசியில் கோல் எடுத்தான்.

"வாழ்த்துக்கள். நீங்கள்தான் தலைவர்."

"ஐயோ, என்னை ஏன் போட்டனீங்கள்?"

"ஏகமனதாப் போட்டது," என்றான் நிருஷன். அவன் குரலில் தப்பித்த ஆளின் நிம்மதி இருந்தது.

திங்கள் விடிய முதல் வேலையாக அவள் துணைவேந்தர் மரியநேசன் பாதரிடம் போனாள். பாதர் தங்கமான மனுசர். விண்ணப்பப் படிவத்தில் 'சமயம்' என்று இருந்த கட்டத்தைத் தன் கையாலேயே வெட்டியவர். "படிக்க வாற பிள்ளையிட்ட அதைக் கேக்கிறது மரியாதையில்லை" என்பது அவர் கொள்கை.

"பாதர், நான் ஒரு விசயம் சொல்லவேணும். இந்தத் தலைவர் பதவி..."

"தெரியும் மகள். பயமாக் கிடக்கு, அதுதானே? மோசேயும் முதல்ல மாட்டனெண்டுதான் நிண்டவர்."

வேதப்புத்தகத்தில் வருகிற மோசே யாரென்று தாட்சாயினிக்குத் தெரியாது. விளையாட்டுக் கழகத்துத் தலைவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பேந்து ஓமெண்டிட்டாரோ, பாதர்?"

"ஓமெண்டு மட்டுமே? நாப்பது வருஷம் கொண்டு நடத்தினார்!"

அப்பாவின் கோயிலில்கூட ஒருவரை ஒரு பதவியில் நாற்பது வருடம் விட்டுவைக்கமாட்டார்கள். அவள் வாய் திறக்குமுன் பாதர் அலுமாரியைத் திறந்து, தோல் அட்டை போட்ட பெரிய வேதப்புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் அவள் பெயரை வடிவாக எழுதிக் கையில் வைத்தார்.

"எத்தினை பேர் உங்கட ஒன்றியத்தில?"

"பன்னிரண்டு பேராம், பாதர்."

"பன்னிரண்டு!" பாதரின் கண் கலங்கியது. "பாத்தியளே மகள்? பன்னிரண்டு!"

இயேசுவின் சீடர்களும் பன்னிரண்டு பேர் என்பது அவளுக்குத் தெரியாது. என்னத்தைப் பார்க்கச் சொல்கிறார் என்று விளங்காமலே "ஓம் பாதர்" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தோடு வெளியே வந்தாள். விலகப்போனவள் இப்படி வந்து நின்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தலைமையில் முதல் கூட்டம். காலையில் அப்பா பூசிவிட்ட திருநீற்றை பஸ்சுக்குள்ளேயே ஈரக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு வந்திருந்தாள். செயலாளர் நிருஷனின் நெற்றியும் கழுவின மாதிரி ஈரமாக இருந்தது. மழைக்கு நனைந்திருப்பான் என்று நினைத்தாள்.

பதினொரு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல ஜெபம்," என்றாள் பொருளாளர் கஜனி. "தலைவர்தானே சொல்லுறது?"

"செயலாளர் சொல்லலாமே," என்றாள் தாட்சாயினி.

"சீச்சீ, தலைவர் இருக்கேக்க நான் சொல்லுறது சரியில்லை," என்றான் நிருஷன். "நீங்கள் சொல்லுங்கோ, நான் ஆமென் சொல்லுறன். அது எனக்குத் தெரியும்."

அந்த இக்கட்டில்தான் தாட்சாயினிக்கு ஒரு யோசனை வந்தது.

"இண்டைக்கு எல்லாரும் மனதுக்குள்ள ஜெபிப்பம். மௌனமா."

"நல்லது!" என்று பதினொரு குரல் ஒன்றாக வந்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

மூடியது சரி. எப்போது திறப்பது? யார் முடிப்பது? தாட்சாயினி ஒரு கண்ணைப் பாதி திறந்து பார்த்தாள். மற்றவர்கள் அசையவில்லை. பக்தி கூடிய பிள்ளைகள் என்று திரும்ப மூடிக்கொண்டாள். பதினைந்து நிமிடம் போனது. இருபது போனது. அடுத்த அறையில் இந்து மன்றத்தாரின் கூட்டம். அங்கிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. அவர்களும் தியானம் போல, தன்னுடைய ஆட்கள், தான் இருந்திருக்க வேண்டிய இடம் என்று நினைத்து அவள் பெருமூச்சு விட்டாள்.

அந்த நேரம் பார்த்து விறாந்தையால் போன மரியநேசன் பாதர் யன்னலால் எட்டிப் பார்த்தார். இருபது வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருபது நிமிடமாக அசையாமல் ஜெபிக்கிற காட்சியை அவர் தன் குருத்துவ வாழ்க்கையிலேயே கண்டதில்லை. அடுத்த நாளே மறைமாவட்ட ஆயருக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

ஜெபம் முடிந்ததும் இன்னொரு சோதனை. கழக நேரத்தில் கன்ரீனிலிருந்து சிற்றுண்டி வரும். இந்து மன்றத்துக்கு மரக்கறி ரோல்ஸ், மற்ற எல்லாருக்கும் மீன் ரோல்ஸ். வெள்ளிக்கிழமை தாட்சாயினி வீட்டில் முட்டைகூடப் படாது.

"எடுங்கோ கஜனி."

"நான் இப்பதான் சாப்பிட்டனான். நிருஷன், நீங்கள் எடுங்கோ."

"எனக்குக் கொஞ்சம் வயிறு சரியில்லை. தலைவர் முதல்ல எடுக்கட்டும்."

தாட்சாயினி ஒன்றை எடுத்து, கடிப்பதுபோல வாயருகே கொண்டுபோய், எல்லாரும் வேறுபக்கம் பார்த்த நேரம் யன்னலால் வெளியே விட்டாள். யன்னலுக்குக் கீழே கன்ரீன் நாய் படுத்திருந்தது. ஒரு மாதத்துக்குள் அந்த நாய் கொழுத்துக் கன்றுக்குட்டியாகிவிட்டது. கிழமைக்கு ஒரு ரோல்ஸ் தின்று ஒரு நாய் இவ்வளவு கொழுக்குமா என்று தாட்சாயினிக்கு ஆச்சரியம்.

"உங்கட ஆக்கள் நல்லா விரும்பிச் சாப்பிடுகினம் பிள்ளை. தட்டு வெறுமையாத்தான் வருது," என்றார் சபூறா ராத்தா. தட்டு எப்படி வெறுமையானது என்று அவர் கேட்கவில்லை. தான் மற்றவரைக் கேட்பதுமில்லை, தன்னைக் கேட்காததை வாய் திறந்து சொல்வதுமில்லை. கன்ரீன் நடத்துகிற ஆளுக்கு அது தேவையான குணம்தான்.

இப்படியே ஏதாவது சாட்டுச் சொல்லி மெதுவாக விலகிவிடலாம் என்றுதான் அவள் இருந்தாள். கார்த்திகை மாதம் அதையும் கெடுத்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்து, பக்கத்துக் கிராமம் ஒன்றின் சனமெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் வந்து ஏறிவிட்டது. பாதர் ஒன்றியத்தைக் கூப்பிட்டார். வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டிராத தாட்சாயினி அன்று கன்ரீன் குசினியில் நின்று, "நிருஷன், ட்ரக்டர் பிடியுங்கோ! கஜனி, வெங்காயம் காணாது!" என்று கத்தினாள். முந்நூறு சோற்றுப் பார்சல். முழங்கால் தண்ணீருக்குள் ட்ரக்டரை விடமாட்டேன் என்று நின்ற சாரதியோடு அவள் சண்டை பிடித்து விடவைத்தாள். பார்சலை வாங்கிய மனுசி ஒருத்தி, "ஆர் பிள்ளை இதுக்குப் பொறுப்பு?" என்று கேட்டார்.

"நான்தானம்மா," என்றாள் தாட்சாயினி.

அந்த ஒரு சொல்லில் அவள் விழுந்துவிட்டாள். உண்மையைச் சொல்லப்போனால், தலைவராக இருப்பது அவளுக்கு நல்லாகப் பிடித்துப்போயிற்று. நித்திரையில்கூட ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டாள். முன்பு பதவி வந்துவிட்டதே என்று பயம். இப்போது பிடிபட்டால் பதவி போய்விடுமே என்று பயம்.

பிடிபடாமல் இருக்க வேண்டுமென்றால் மார்கழியில் வரும் கிறிஸ்மஸ் ஒளிவிழாவைப் பிழையில்லாமல் நடத்தவேண்டும். முதல் வேலை, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டுகிற பாலன் குடில்.

"குடிலுக்குள்ள என்னென்ன வைக்கிறதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே, நிருஷன்?"

"தெரியாமலே? நீங்கள் சொல்லுங்கோ, சரியோ எண்டு பாப்பம்."

"இல்லை, நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

"கஜனி சொல்லட்டுமே."

"மாடு," என்றாள் கஜனி, வெகுநேரம் யோசித்து. "மாடு கட்டாயம்."

மாட்டை வைத்துத் தொடங்கினார்கள். வைக்கல் வந்தது, ஆடு வந்தது, குழந்தை வந்தது, தாடி வைத்த பொம்மைகளும் வந்தன. முன்னால் கோலம் போட்டு நிறைகுடமும் வைத்தார்கள். முடித்துவிட்டு நிமிரும்போது பாதர் வந்து நின்றார்.

"வடிவு, வடிவு! ஆனா மகள், பாலனைப் பாக்க வந்த ஞானிகள் மூண்டு பேரெல்லே? இதில நாலு நிக்குதே. நாலாவது ஆர்?"

"அவர்... அவர் உபதலைவர், பாதர்," என்றாள் தாட்சாயினி. வாயில் வந்தது அதுதான்.

பாதர் குனிந்து அந்த நாலாவது ஞானியைப் பார்த்தார். "பெயர் இல்லாத ஆளுக்கும் ஒரு இடம் குடுத்திருக்கிறியள்," என்றார். ஞாயிறு பிரசங்கமே அதைப் பற்றித்தான். ஒளிவிழாவுக்கு ஆயரே நேரில் வருவதென்றும், தலைவர் மேடையில் ஜெபம் செய்வதென்றும் முடிவாகியது. நல்லிணக்கத்துக்காக இந்து மன்றத்தார் அன்று எல்லாருக்கும் மோதகம் செய்து தருவதாகவும் ஒத்துக்கொண்டார்களாம்.

அழைப்பிதழை யாரோ முகநூலில் போட்டார்கள், தாட்சாயினி வேதப்புத்தகத்தோடு நிற்கிற படத்துடன். அன்று வீட்டுக்குப் போனபோது அப்புத்துரை கதிரையில் கைபேசியோடு இருந்தார்.

"படம் பாத்தன்," என்றார்.

"அப்பா, அது வந்து..."

"தலைவர் எண்டு போட்டுக்கிடக்கு."

"ஓமப்பா."

"உபதலைவர் இல்லை?"

"இல்லையப்பா. தலைவர்தான்."

அப்புத்துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினொரு வருடமாக அவரைக் கோயில் சபையில் உபதலைவருக்கு மேலே யாரும் ஏற்றவில்லை. "எங்கட பரம்பரையில முதல் தலைவர்," என்று குசினிப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "விமலேஸ்வரி! கேட்டியே? எந்தச் சங்கமெண்டா என்ன, தலைவர் தலைவர்தான். நாங்கள் வான் பிடிச்சு வாறம்."

போச்சுடா! பிடிபட்டால் இனி ஸ்கந்தபுரத்துக்கு முன்னாலேயே பிடிபட வேண்டும்.

ஒளிவிழா நாளும் வந்தது. மண்டபம் நிறைந்த சனம். முன்வரிசையில் ஒரு பக்கம் ஆயர். மறுபக்கம் வேட்டி சால்வையும் மூன்று குறித் திருநீறுமாக அப்புத்துரை, பக்கத்தில் விமலேஸ்வரி, பின்னால் ஒரு வான் நிறைய ஸ்கந்தபுரத்தார். ஒன்றியத்தின் பதினொரு பேரும் மேடையில் வரிசையாக நின்றார்கள். தாட்சாயினி மைக்குக்கு முன்னால் வந்தாள். மௌன ஜெபத்துக்கு அவள் வாயெடுக்குமுன் ஆயர் கையை உயர்த்தினார்.

"உங்கட மௌன ஜெபத்தைப் பற்றி மரியநேசன் பாதர் எழுதி எழுதி நான் வாசிச்சபடி. இண்டைக்கு மட்டும் வாய் திறந்து ஜெபியுங்கோ மகள். எங்களுக்கும் கேக்கட்டும்."

எதற்கும் இருக்கட்டும் என்று, நிருஷன் கைபேசியில் தேடிக் கண்டுபிடித்த ஜெபம் ஒன்றை மூன்று நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தாள். முதல் வரி நாக்கு நுனியில் நின்றது. நிமிர்ந்தபோது அப்பாவின் முகம் தெரிந்தது. பெருமையில் அந்த முகம் பூரித்துப்போய் இருந்தது. பாடமாக்கியது எல்லாம் ஒரே அடியாக மறந்துபோனது. பயந்தால் பிறந்த நாளிலிருந்து அவள் வாயில் வருவது ஒன்றுதான்.

"பிள்ளையாரப்பா!" என்றது மைக்.

அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெயர் காதில் விழுந்ததும், அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்ற ஒன்றியத்தார் பதினொரு பேரும் கையை மாறிப் பிடித்துத் தலையில் டொக், டொக், டொக் என்று மூன்று தரம் குட்டிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஸ்கந்தபுரமும் குட்டிக்கொண்டது.

தாட்சாயினி திரும்பிப் பார்த்தாள். குட்டிய கை குட்டியபடி நிருஷன் நின்றான். கஜனி நின்றாள். பதினொரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நிருஷன், நீங்களுமோ?"

"நான் மட்டும்தான் பிழையாச் சேந்தனான் எண்டு நினைச்சன்," என்றான் நிருஷன், அழாக்குறையாக. "நீங்கள் எல்லாரும் வேதக்காரர் எண்டெல்லே நான்..."

"கேக்க வெக்கமாக் கிடந்தது," என்றாள் கஜனி.

இனி மறைக்க என்ன இருக்கிறது? தாட்சாயினி மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"பாதர், மன்னிக்கவேணும். நான் சைவப்பிள்ளை. கழக நாளில மழைக்குள்ள இந்து மன்றப் பலகைக்குக் கீழ நிண்டுதான் கையெழுத்து வைச்சனான். எப்பிடி மாறினதெண்டு சத்தியமாத் தெரியாது. சொல்லத்தான் வந்தனான், சொல்ல முடியேல்லை. பேந்து... பேந்து சொல்ல மனமில்லை. எனக்கு இந்த வேலை பிடிச்சுப்போச்சு. பொய் சொல்லிக்கொண்டு இருந்ததுக்கு என்ன தண்டனை எண்டாலும் தாங்கோ."

"நானும் அந்தப் பலகைக்குக் கீழதான், பாதர்," என்றான் நிருஷன். "நானும்," "நானும்" என்று வரிசை முழுக்கச் சொல்லி முடித்தது.

அப்புத்துரை எழும்பினார். தாட்சாயினிக்கு உயிர் போய் வந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆயரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ? அப்ப இவவின்ர தலைவர் பதவி போயிட்டுதோ?"

ஆயர் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை விட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனையா போகவேணும்? வெள்ளத்துக்குள்ள முந்நூறு பேருக்குச் சோறு குடுத்த பிள்ளை. பசிச்சவனுக்குச் சோறு குடுக்கச் சொன்னவர் குடுத்த ஆளின்ர சமயத்தைக் கேக்கேல்லை. இருக்கட்டும், அவவே இருக்கட்டும்!"

மண்டபம் கைதட்டியது. அப்புத்துரை சால்வையால் முகத்தைத் துடைத்தார். தாட்சாயினி அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அவளுக்கு அந்த நிமிடம் உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மரியநேசன் பாதருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் மேடையில் நின்றவர்களை விரல் விட்டு எண்ணினார். திரும்ப ஒருதரம் எண்ணினார். பிறகு பரிதாபமாகச் சனத்தைப் பார்த்தார்.

"எல்லாம் சரி. அப்ப என்ர கிறிஸ்தவப் பிள்ளையள் எல்லாம் எங்க?"

கேட்டால் மட்டும் சொல்லுகிற சபூறா ராத்தா, தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றபடி சொன்னார்:

"அவையள் குசினியில நிக்கினம் பாதர். ரெண்டு மாசமா இந்து மன்றத்தில இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பின்வாசலால வந்து என்னட்ட மீன் ரோல்ஸ் வாங்கித் தின்னுற பிள்ளையள், இப்ப மோதகத்துக்குள்ளயும் மீனோ வைக்கிறதெண்டு கேக்கினம்."